பிரெஞ்சு படிக்க நான்கு ஆண்டுகளா?

கேள்வி: அமெரிக்காவில் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி (பல துறைகளையும் பரவலாகக் கற்பிக்கும் இளங்கலைக் கல்லூரி) ஒன்றில் பிரெஞ்சு மொழியும் பண்பாடும் படிக்க என் மகள் விரும்புகிறாள். ஒரு மொழியைக் கற்க நான்கு ஆண்டுகள் தேவையா?

பதில்: பேசக் கற்பதற்கு மட்டும் என்றால் தேவையில்லைதான். ஆனால், அங்கே இலக்கணம் வெறும் வாசற்படி. தொடக்க வகுப்புகளைத் தாண்டிய மாணவர்கள், பிரெஞ்சுப் புரட்சி, திரைப்படம், காலனி ஆட்சி ஆகியவற்றையும், பிரெஞ்சு வழங்கும் ஆப்பிரிக்க நாடான செனகல், கரீபியன் தீவான மார்ட்டினிக் ஆகிய இடங்களின் இலக்கியத்தையும் அம்மொழியிலேயே படித்து, அம்மொழியிலேயே வாதிட்டுக் கட்டுரை எழுதுகிறார்கள். வெர்மான்ட் மாநிலத்தின் மிடில்பரி கல்லூரியில் 1916-இல் தொடங்கப்பட்ட கோடைக்காலப் பிரெஞ்சுப் பள்ளியில் சேருவோர், பயிற்சி முடியும்வரை வேறு மொழி பேசுவதில்லை என்று உறுதிமொழி அளிக்கிறார்கள். புதியவர்களுக்கு முதல் வாரம் உப்புக் கேட்பதே பெரும்பாடாக இருக்கும்! மகளிர் கல்லூரியான ஸ்மித் கல்லூரியோ 1925-லேயே தன் மாணவியரை மூன்றாம் ஆண்டுப் படிப்புக்காகப் பாரிஸுக்கு அனுப்பத் தொடங்கிவிட்டது. அந்த வெளிநாட்டு ஆண்டே இப்படிப்பின் உயிர்நாடி என்பேன். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது அந்த வாய்ப்பு உண்டா என்பதை முதலில் கேளுங்கள். வேலை பற்றிய கவலை இருந்தால், பொருளியல் போன்ற இன்னொரு முதன்மைப் பாடத்தையும் சேர்த்து எடுக்க இத்தகைய கல்லூரிகள் பெரும்பாலும் இடமளிக்கின்றன.