ஹாரன் அடித்து ஓரங்கட்டுகிறார்கள்: சைக்கிளில் போகிறவர் என்ன செய்யலாம்?

கேள்வி: வேளச்சேரியிலிருந்து ஓ.எம்.ஆரில் இருக்கும் அலுவலகத்துக்கு சைக்கிளில் போய் வருகிறேன். எவ்வளவு ஓரமாகப் போனாலும் கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டே உரசுவது போலக் கடக்கின்றன. போன வாரம் ஒருவர் வேண்டுமென்றே ஓரங்கட்டி, கண்ணாடியை இறக்கித் திட்டிவிட்டுப் போனார். பதிலுக்குப் பேசுவதா, புகார் கொடுப்பதா, சைக்கிளையே விட்டுவிடுவதா?

பதில்: சைக்கிளை விடாதீர்கள். அந்த சாலையில் போக அவருக்கு இருக்கும் உரிமை உங்களுக்கும் இருக்கிறது. ஆனால் “எவ்வளவு ஓரமாகப் போனாலும்” என்று எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதை மாற்ற வேண்டும்.

விளிம்பை ஒட்டிப் போனால், அதே லேனில் உங்களைத் தாண்டிவிடலாம் என்று பின்னால் வருபவர் நினைத்துவிடுகிறார். இடம் போதாது என்பது பக்கத்தில் வந்த பிறகுதான் அவருக்குத் தெரியும். அப்போது விலக அவருக்கும் வழியில்லை, உங்களுக்கும் இல்லை. மணல், வடிகால் மூடி, தார் முடியும் இடத்துப் பள்ளம் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. நின்றிருக்கும் காரின் கதவு சட்டென்று திறப்பதும் அங்கேதான். அதனால் விளிம்பிலிருந்து சுமார் ஒரு மீட்டர் தள்ளி, வளையாமல் நேராகப் போங்கள். சாலை குறுகும் இடங்களில் திரும்பிப் பார்த்து, கை காட்டி, லேனின் நடுவுக்கே வந்துவிடுங்கள். அகலம் கிடைத்ததும் ஒதுங்கி வழிவிடுங்கள். ஆரம்பத்தில் பயமாகத்தான் இருக்கும். ஹாரன் கூடக் கொஞ்சம் அதிகமாகலாம். ஆனால் உரசல் குறையும்.

பிரிட்டனில் 2022 ஜனவரியில் திருத்திய சாலை விதிகளும் குறுகலான இடத்தில் லேனின் நடுவில் ஓட்டச் சொல்கின்றன. மணிக்கு 30 மைல் வரையான வேகத்தில் சைக்கிளைக் கடப்பவர் குறைந்தது 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்றும் அவை சொல்கின்றன. பள்ளத்தைத் தவிர்க்க சைக்கிள் சற்று வளைந்தாலும் உயிர் தப்ப அந்த இடைவெளி தேவை. நம் நெரிசலில் யாரும் தானாக அதைத் தரமாட்டார்கள். நீங்கள் ஓட்டும் இடத்தை வைத்துத்தான் அதில் கொஞ்சமாவது கிடைக்கும்.

இன்னொன்று, ஹாரன் அடிப்பவர் உங்களைப் பார்த்துவிட்டார். எரிச்சலாக இருந்தாலும் பெரிய ஆபத்து அவரல்ல, உங்களைப் பார்க்காதவர்தான். நிறுத்தத்துக்கு ஒதுங்கும் பேருந்து, இடதுபுறம் திரும்பும் லாரி, சவாரியைக் கண்டதும் நிற்கும் ஷேர் ஆட்டோ: இவற்றின் இடதுபுறச் சந்தில் மட்டும் நுழையாதீர்கள். இருட்டிய பிறகு பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம் வேண்டும்.

சரி, வேண்டுமென்றே மிரட்டுபவரை என்ன செய்வது? சாலையில் பதில் சொல்லவே வேண்டாம். கோபத்தில் இருப்பவரின் கையில் ஒரு டன் எடையுள்ள வண்டி இருக்கிறது. பிரேக் பிடித்து, அவரை முன்னால் போகவிடுங்கள். வண்டி எண், நேரம், இடம் மூன்றையும் உடனே போனில் குறித்துவையுங்கள். பின்தொடர்ந்து வந்து தொல்லை கொடுத்தால், ஆட்கள் இருக்கும் கடையோரம் நின்று 112-ஐ அழையுங்கள். தினமும் இதே வழி என்றால் ஹேண்டில்பாரில் ஒரு சிறு கேமரா மாட்டிக்கொள்வது நல்லது. வீடியோ இருந்தால் புகாரின் பலமே வேறு.

புகார் கட்டாயம் கொடுங்கள். “அடி ஒன்றும் படவில்லையே” என்று ஸ்டேஷனில் திருப்பி அனுப்பப் பார்க்கலாம். ஆனால் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த சட்டம்) 281-வது பிரிவின்படி, பொதுச் சாலையில் மனித உயிருக்கு ஆபத்து வரும்படி கண்மூடித்தனமாக ஓட்டுவதே குற்றம், மோதியிருக்க வேண்டியதில்லை. ஆறு மாதம் வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவும் ஆபத்தாக ஓட்டுவதற்கானதுதான். இரண்டையும் புகாரில் குறிப்பிட்டு எழுதுங்கள். கம்பெனி வண்டி என்றால் அந்த நிறுவனத்துக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும்போது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சியான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்க மறக்காதீர்கள்.