ஆஸ்திரேலியப் பயணம் முடித்து ஊருக்குக் கிளம்பும் முன், சிட்னியில் நண்பர்களோடு கடைசி நான்கு நாட்களை எப்படிப் பிரித்துக்கொள்வது?

கேள்வியில் இருப்பதைத் தொகுத்துக்கொள்கிறேன். 462 எனப்படும் உழைப்பு-விடுமுறை விசாவில் வந்து ஓராண்டு வேலையும் சுற்றலுமாகப் போயாயிற்று. வழியில் பழகிய ஐந்து பேர் சிட்னிக்கு வருகிறார்கள். வியாழன் காலை கூடுகிறீர்கள், திங்கள் காலை உங்களுக்கு விமானம். கையில் பணம் குறைவு. ஆறு பேரில் இருவர் சைவம். மாதம் ஜனவரி, நல்ல கோடை.

என் பிடிவாதம் ஒன்றுதான்: அலுவல் எல்லாம் வியாழனோடு முடியட்டும். பெரும்பாலோர் தலைகீழாகச் செய்கிறார்கள். வந்த அன்றே கடலுக்கு ஓடிவிட்டு வங்கி, சிம், வரி, மூட்டை எல்லாவற்றையும் கடைசி நாளுக்குத் தள்ளுகிறார்கள். உங்கள் கடைசி நாள் ஞாயிறு. அன்று வங்கிக் கிளையை நம்ப முடியாது, பழைய முதலாளி போனை எடுக்கமாட்டார், நண்பர்களும் ஆளுக்கொரு நேரத்தில் கிளம்பிக்கொண்டிருப்பார்கள்.

வியாழன் வேலைகளில் தலையாயது போன் எண். வங்கியும், மைகவ் எனப்படும் அரசு இணையச் சேவைக் கணக்கும் சரிபார்ப்பு எண்ணை உங்கள் ஆஸ்திரேலிய எண்ணுக்குத்தான் அனுப்பிக்கொண்டிருக்கும். ஊருக்குப் போனபின் ப்ரீபெய்ட் காலாவதியானால் அந்த எண் கைவிட்டுப் போகும். வரிப்பணம் திரும்பி வந்து கணக்கில் நிற்கும், உள்ளே நுழைய வழி இருக்காது. ஆகவே மைகவ் உள்நுழைவைப் பாஸ்கீக்கு (எஸ்.எம்.எஸ். இல்லாமல் உங்கள் போனின் பூட்டைக் கொண்டே நுழையும் முறை) மாற்றுங்கள், வங்கி ஒப்புதலை அதன் செயலிக்கு மாற்றுங்கள், இரண்டிலும் நிரந்தர மின்னஞ்சலையும் ஊர் முகவரியையும் போடுங்கள். அதன்பின் ஒருமுறை வெளியேறி, மறுபடி உள்ளே போய்ப் பாருங்கள். வங்கிக் கணக்கை இப்போது மூடவேண்டாம். வரித் துறை பணத்தைத் திருப்பி அனுப்ப உள்ளூர்க் கணக்கைத்தான் கேட்கும்.

சூப்பர் எனப்படும் ஓய்வூதியச் சேமிப்பையும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். நாட்டைவிட்டு வெளியேறி, விசாவும் முடிந்தபின்தான் அதைக் கேட்க முடியும். விசாவில் நாள் மிச்சமிருந்தால் ரத்துசெய்யச் சொல்லிக் குடியேற்றத் துறைக்கு எழுதலாம், ஆனால் திரும்பி வரும் எண்ணம் இருந்தால் அதைத் தொடாதீர்கள். உழைப்பு-விடுமுறை விசாக்காரர்களுக்கு இதில் வரி 65 சதவீதம். நூறு டாலருக்கு முப்பத்தைந்துதான் கைக்கு வரும் என்றதும் பலர் ‘போனால் போகட்டும்’ என்று விட்டுவிடுகிறார்கள். விண்ணப்பம் இணையத்தில் இலவசம், இடைத்தரகர் தேவையில்லை. வியாழனன்று செய்யவேண்டியது, எந்தெந்த நிதியத்தில் கணக்கு இருக்கிறது, உறுப்பினர் எண் என்ன, கடைசிச் சம்பளத்தோடு போகவேண்டிய பங்கு போயிருக்கிறதா என்று பார்த்துக் குறித்துக்கொள்வது.

பயணத்துக்கு வாங்கிய வேனை இன்னும் விற்கவில்லையென்றால் நான்கு நாளில் நல்ல விலை கிடைக்காது. வாங்க வருகிறவருக்கு உங்கள் விமானத் தேதி தெரிந்தாலே விலை பாதியாகும், அதை மட்டும் வெளியே சொல்லாதீர்கள். விற்ற கையோடு ‘விற்றுவிட்டேன்’ என்ற அறிவிப்பை எந்த மாநிலப் பதிவோ அங்கே இணையத்தில் கொடுங்கள். கொடுக்காவிட்டால் புது உரிமையாளர் கட்டாத சுங்கமும் அபராதமும் உங்கள் பெயரில் ஏறும்.

வியாழன் இரவு சிட்னிக் கடைகள் பல 9 மணி வரை திறந்திருக்கும். வாங்கவேண்டியது ஏதாவது இருந்தால் அப்போதே வாங்குங்கள். ஒரே கடைக்காரரிடம், அதாவது ஒரே ஏ.பி.என். என்னும் வணிகப் பதிவு எண்ணில், 300 டாலருக்குக் குறையாமல், கிளம்புவதற்கு முந்தைய 60 நாளுக்குள் வாங்கியிருந்தால் ஜி.எஸ்.டி. திரும்பக் கிடைக்கும். தொகையில் பதினொன்றில் ஒரு பங்கு: 330 டாலருக்கு 30. பல பில்களைச் சேர்த்தும் 300-ஐத் தொடலாம், கடை ஒன்றாக இருந்தால் போதும். 1,000 டாலரைத் தொடும் பில்லில் உங்கள் பெயர் இருக்கவேண்டும். வாங்கும்போதே கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி கடல். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் ஓபல் எனப்படும் பொதுப் போக்குவரத்துக் கட்டணத்தின் நாள் உச்சவரம்பு மற்ற நாட்களில் பாதிதான், ஏறக்குறைய 10 டாலருக்குள். ரயில், பேருந்து, டிராம், அரசுப் படகு எல்லாம் அதற்குள் அடங்கும். வங்கி அட்டையையே தட்டிப் போகலாம், அதனால் இனி ஓபல் அட்டையில் பணம் ஏற்றாதீர்கள். ஒன்று கவனம்: காலையில் போனையும் மாலையில் அட்டையையும் தட்டினால் கணினி அதை இரண்டு ஆளாக எண்ணும், உச்சவரம்பு எதிலும் எட்டாது.

வெள்ளி காலை 333 பேருந்தில் பாண்டை கடற்கரைக்குப் போய், ஏழு மணிக்குள் கூஜி கடற்கரை நோக்கி நடக்கத் தொடங்குங்கள். பாறை விளிம்பிலேயே போகும் 6 கிலோமீட்டர் பாதை. நிற்காமல் நடந்தால் இரண்டு மணி நேரம், ஆறு பேர் குழு என்றால் மூன்று. பத்து மணிக்குமேல் நிழலே கிடையாது. வழியில் வரும் டமராமா கடற்கரை பார்க்க அழகு, நீந்த மோசம், அங்கே இறங்கவேண்டாம். க்ளோவெல்லி ஒடுங்கிய நீண்ட வாய்க்கால் போல உள்வாங்கிய இடம், அலை குறைவு. நீச்சல் சுமாராகத் தெரிந்தவர் கண்ணாடி மாட்டிக்கொண்டு மீன் பார்க்க அதுதான் சரி. கூஜியிலிருந்து 373 பேருந்து நகருக்குத் திரும்பும்.

பாண்டையில் குளிப்பதைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்லவேண்டும். அதன் தெற்கு மூலையில் நிரந்தரமாக ஒரு இழுப்பு நீரோட்டம் உண்டு. உள்ளூர்க்காரர்கள் அதற்கு ‘பேக்பேக்கர்ஸ் எக்ஸ்பிரஸ்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பேருந்தில் வந்து இறங்கும் வெளியூர்க்காரர்கள் நேரே போய் விழும் இடம் அது. அலை மணல்திட்டின்மேல் உடைந்து கரைக்குத் தள்ளிய நீர் எங்காவது ஒரு வழியாகத் திரும்பிப் போயாகவேண்டும். அந்த வழியில் ஆழம் அதிகம், அதனால் அலை உடையாது. கரையிலிருந்து பார்த்தால் இரு பக்கமும் வெள்ளை நுரை, நடுவில் கருநீலமாக அமைதியான பட்டை. ‘இங்கேதான் அலை இல்லை’ என்று நீந்தத் தெரியாதவர் தேடிப்போய் இறங்குவது அந்தப் பட்டையில்தான். 1938 பிப்ரவரி 6 அன்று இதே கடற்கரையில் ஒரே நேரத்தில் ஏறக்குறைய 250 பேரை இழுத்துக்கொண்டு போனது, ஐந்து பேர் இறந்தார்கள். சிவப்பு-மஞ்சள் கொடி இரண்டுக்கும் நடுவில் மட்டும் இறங்குங்கள். கொடிகள் நாளுக்கு நாள் இடம் மாறும், ‘நேற்று இங்கேதானே குளித்தோம்’ என்பது செல்லாது. மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாதீர்கள், அதில்தான் மூச்சு வாங்கி மூழ்குகிறார்கள். மல்லாந்து மிதந்து ஒரு கையை உயர்த்துங்கள். காவலர்கள் ஆண்டு முழுவதும் அங்கே இருக்கிறார்கள். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாக, நுரை தெரியும் பக்கம் நீந்தலாம்.

கோடையில் வடகிழக்குக் காற்று அடித்த மறுநாள் மணலில் நீலக் குமிழ்கள் ஒதுங்கியிருந்தால் கடலிலும் இருக்கிறது என்று பொருள். ப்ளூபாட்டில் என்பார்கள், அதன் நூல் பட்டால் சாட்டையால் அடித்ததுபோல் தடிக்கும். ஒட்டிய நூலை எடுத்துக் கடல்நீரில் கழுவி, தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் 20 நிமிடம் வையுங்கள். வினிகர் இதற்கு வேண்டாம். பலத்த மழை பெய்தால் ஒரு நாள் கடலையும், மூன்று நாள் துறைமுக உட்பகுதியையும் தவிர்க்கவேண்டும், நகரத்துச் சாக்கடை நீர் கலந்திருக்கும். அப்படி ஒரு நாள் போனால் ரயிலேறிப் பெண்டில் ஹில் பக்கம் போய் இலங்கைத் தமிழர் கடைகளில் கொத்து ரொட்டி சாப்பிட்டு வாருங்கள், நாள் வீணாகாது.

சனிக்கிழமை விருந்தை உணவகத்தில் வைக்காதீர்கள். அறுவருக்கு பில் கையைக் கடிக்கும், இரண்டு மணி நேரத்தில் எழுப்பியும் விடுவார்கள். பாண்டைக்கும் கூஜிக்கும் நடுவில் உள்ள ப்ரான்டே (Bronte) கடற்கரைப் பூங்காவில் பொதுமக்களுக்கான மின் அடுப்புகள் இலவசம். கோடைச் சனியில் பத்து மணிக்கே பிடித்துவிடுவார்கள், ஒன்பதுக்கு இரண்டு பேரை முன்னே அனுப்புங்கள். அறுவருக்கு ஓடுடன் பச்சை இறால் ஒரு கிலோ, எட்டு சாசேஜ், ஹலூமி பாலாடைக்கட்டி அரைக் கிலோ, சோளம் ஆறு, பெரிய வெங்காயம் நான்கு, ரொட்டி ஒரு பாக்கெட், எலுமிச்சை நான்கு போதும். மறக்கும் பொருட்கள்: இடுக்கி, எண்ணெய், துடைக்கும் தாள், ஐஸ் மூட்டை. இறாலுக்கு மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், இஞ்சி பூண்டு, எண்ணெய் மட்டும் முன்பே தடவலாம். உப்பும் எலுமிச்சையும் கல்லில் போடும் நேரத்தில்தான், முன்பே போட்டால் நீர்விட்டு ரப்பராகும்.

பொத்தானை அழுத்தினால் தகடு சூடேறும், சிறிது நேரத்தில் தானே அணையும், மறுபடி அழுத்தவேண்டும். இந்த அடுப்புகளுக்கு வீட்டு அடுப்பின் வேகம் கிடையாது. பத்து நிமிடம் காயவிடாமல், எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டினால் வதங்காது, வேகும். சைவக்காரர்களுக்கு முதல் சுற்று: சுத்தமான தகட்டில் அலுமினியத் தாள் விரித்துச் சோளமும் ஹலூமியும். பிறகு வெங்காயம், சாசேஜ், கடைசியாக இறால், பக்கத்துக்கு இரண்டு நிமிடம். முடிந்ததும் தகட்டைத் துடைத்துவிட்டுப் போவது அங்கே எழுதாத சட்டம். கடற்கரையில் மது தடை. கடற்பறவைகளும் ஐபிஸ் கொக்குகளும் தட்டிலிருந்தே தூக்கும், ரொட்டியை மூடி வையுங்கள். குளிக்கப் பாறைக்குள் கட்டிய ப்ரான்டே குளம் இலவசம். திறந்த கடல் அங்கே முரடு.

ஞாயிறு காலை சர்குலர் கீ படகுத்துறையிலிருந்து மேன்லிக்குப் பெரிய படகு, அரை மணி நேரம். போகும்போது வலப்பக்கம் நில்லுங்கள், ஓப்பரா ஹவுஸ் அந்தப் பக்கம். தனியார் விரைவுப் படகு கொஞ்சம் சீக்கிரம் போகும், ஆனால் ஓபல் உச்சவரம்பில் சேராது. மேன்லியிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஷெல்லி கடற்கரை, அது பாதுகாக்கப்பட்ட விரிகுடா, மீன் பார்க்கத் தோதானது. மாலை மூன்றிலிருந்து திரும்பும் படகுக்கு வரிசை நீளும், மதியத்துக்குள் திரும்பிவிடுங்கள்.

படகிலேயே கணக்கைத் தீருங்கள். நான்கு நாள் செலவில் யார் யாருக்கு எவ்வளவு என்பதை எல்லோரும் ஆஸ்திரேலியக் கணக்கு வைத்திருக்கும்போதே பே.ஐ.டி. (போன் எண்ணையோ மின்னஞ்சலையோ வைத்து வங்கிக்கு வங்கி அனுப்பும் முறை) மூலம் நொடியில் அனுப்பிவிடலாம். ஊர் திரும்பியபின் 23 டாலரை நாடு கடந்து அனுப்ப ஆகும் செலவை நினைத்தே அந்தக் கடன் அப்படியே நின்றுவிடும். ஞாயிறு மாலை மூட்டை. கூடார அடுப்பின் எரிவாயுக் குப்பி எந்தப் பையிலும் விமானம் ஏறாது, விடுதியில் இருக்கும் அடுத்த பயணிக்குக் கொடுங்கள். பவர் பேங்க் கைப்பையில் மட்டும்.

சிட்னி விமான நிலையத்தில் இரவு 11 முதல் காலை 6 வரை விமானத் தடை உண்டு, சர்வதேச முனையத்தையும் இரவில் மூடிவிடுவார்கள். அங்கே போய்த் தூங்கிக்கொள்ளலாம் என்று ஞாயிறு இரவு படுக்கையை மிச்சம் பிடிக்காதீர்கள். விமான நிலைய ரயில் நிலையத்தில் டிக்கெட்டுக்கு மேல் 17 டாலருக்கும் அதிகமான வாயில் கட்டணம் தனியாக விழும், அது நாள் உச்சவரம்பில் அடங்காது. சர்வதேச முனையத்துக்கு இரண்டு நிலையம் முன்னதாக மேஸ்காட்டில் இறங்கி 420 பேருந்து பிடித்தால் அது மிச்சம். 18 கிலோ மூட்டையும் நேரக் குறைவும் இருந்தால் கட்டணத்தைக் கட்டிவிடுங்கள். வழியனுப்ப மூன்று பேர் வருகிறார்கள் என்றால் வாடகை வண்டியே மலிவு.

ஜி.எஸ்.டி. திரும்பப் பெறும் கவுண்டர் குடிவரவும் பாதுகாப்புச் சோதனையும் தாண்டி உள்ளே இருக்கிறது. பொருளைக் காட்டச் சொல்வார்கள், அதனால் அது கைப்பையில் அல்லது உடம்பில் இருக்கவேண்டும். கைப்பைக்கு 7 கிலோதான் என்றால் புது நடைபூட்ஸைக் காலில் மாட்டுங்கள், புது ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். கைப்பையில் அனுமதியில்லாத திரவப் பொருள் என்றால் மூட்டையை ஒப்படைக்கும் முன் எல்லைப் படை அலுவலகத்தில் காட்டி முத்திரை வாங்கவேண்டும். விவரங்களை அவர்களது செயலியில் முன்பே நிரப்பி வைத்தால் வரிசை குறையும். விமானம் கிளம்பும் நேரத்துக்கு 30 நிமிடம் முன்போடு கோரிக்கை வாங்குவதை நிறுத்திவிடுவார்கள்.