வி.பி.என். ஆன், டி.என்.எஸ். மட்டும் வெளியே

கேள்வி: ஓராண்டுச் சந்தா கட்டி வி.பி.என். வாங்கினேன். ஐ.பி. முகவரி வேறு நாட்டைக் காட்டுகிறது. ஆனால் டி.என்.எஸ். கசிவு சோதனையில் என் இணைய நிறுவனத்தின் பெயர்தான் வருகிறது. இது சரியா?

சரியில்லை. வி.பி.என்னின் வேலை உங்கள் டிராஃபிக் முழுவதையும் பூட்டிய ஒரு பாதை (டனல்) வழியாக அனுப்பி இணைய நிறுவனத்திடமிருந்து மறைப்பது. டி.என்.எஸ். என்பது தளத்தின் பெயரை அதன் ஐ.பி. எண்ணாக மாற்றித் தரும் சேவை, அதுவும் டனலுக்குள்தான் போக வேண்டும். எதற்குக் காசு கொடுத்தீர்களோ அதில் பாதிதான் உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. வி.பி.என். விளம்பரங்கள் மேல் எனக்கு நெடுநாள் கோபம் இதனால்தான். 'ராணுவத் தரப் பாதுகாப்பு' என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். அவர்கள் அப்படிச் சொல்லும் ஏ.இ.எஸ். என்ற மறையாக்க முறை 2001-லேயே வெளியான பொதுத் தரம், உங்கள் பிரவுசரிலும் அதுதான் ஓடுகிறது. டி.என்.எஸ். கேள்வி எந்த வழியாகப் போகும் என்று மட்டும் ஒரு வரிகூட இருக்காது.

நீங்கள் ஒரு தளத்தைத் திறக்கும்போது முதலில் போவது 'இந்தப் பெயருக்கு ஐ.பி. என்ன' என்ற டி.என்.எஸ். கேள்விதான். வழக்கமாக அது போர்ட் 53 வழியாக, யாரும் படிக்கும்படி திறந்தே போகும். அது டனலுக்கு வெளியே போனால் நீங்கள் எந்தெந்தத் தளம் போகிறீர்கள் என்ற பட்டியல் இணைய நிறுவனத்தின் கையில். காரணங்கள் பெரும்பாலும் மூன்று. கணினியில் டி.என்.எஸ். ஆக வீட்டு ரவுட்டர் (192.168.1.1 மாதிரி) இருந்தால், உள் வலையமைப்புக்கான ரூட் (எது எந்த வழியில் போக வேண்டும் என்ற விதி) டனலின் பொது ரூட்டைவிடக் குறிப்பானது என்பதால் கேள்வி நேரே ரவுட்டருக்குப் போய் அங்கிருந்து வெளியேறிவிடும். விண்டோஸ் 8 முதல், ஒரே கேள்வியை எல்லா இணைப்புகளிலும் அனுப்பி முதலில் வரும் பதிலை எடுத்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. இன்னொன்று, டனலில் ஐ.பி.வி.4 (பழைய முகவரி முறை) மட்டும் போய் ஐ.பி.வி.6 (புதிய முகவரி முறை) வெளியே நிற்பது.

செயலியில் 'எங்கள் டி.என்.எஸ். மட்டும்' என்பது போன்ற அமைப்பு இருந்தால் போடுங்கள், ஐ.பி.வி.6 கசிவுத் தடுப்பையும் போட்டு மறுபடி சோதியுங்கள். அப்போதும் அதே பெயர் வந்தால் ஸ்கிரீன்ஷாட்டோடு எழுத்தில் புகார் கொடுத்து, பணம் திரும்பப் பெறும் கெடு முடியுமுன் அதைக் கேளுங்கள். 'உங்கள் கணினியில்தான் கோளாறு' என்று தட்டிக்கழிப்பார்கள், விடாதீர்கள். கசிவைத் தடுப்பது விற்றவர் வேலை.

கேள்வி: இலவச வி.பி.என். போதாதா?

உங்கள் மொத்த டிராஃபிக்கையும் ஒருவர் கையில் கொடுக்கிறீர்கள், அவர் எதில் சம்பாதிக்கிறார் என்று பாருங்கள். ஃபேஸ்புக்கின் இலவச வி.பி.என். செயலியான ஒனாவோ உங்கள் தகவலைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டே பயனர் தரவை ஃபேஸ்புக்கின் வணிகத்துக்குத் திரட்டியது. அதற்காக 2023-ல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது.

கேள்வி: வாழ்நாள் சந்தா பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

வேண்டாம். சர்வருக்கு மாதாமாதம் செலவு இருக்கிறது, ஒருமுறை வாங்கிய காசில் அதை எத்தனை நாள் ஓட்டுவார்கள்? இப்படி நான் வாங்கிய ஒன்றில் முதலில் வேகம் செத்தது, அப்புறம் சேவையே கைமாறியது, வாங்கிய புது நிறுவனம் பழைய சந்தாக்கள் செல்லாது என்று ஒரு மின்னஞ்சலோடு முடித்துக்கொண்டது.

கேள்வி: வி.பி.என். துண்டித்தால் இணையமே போய்விடுகிறது. மோசமான சேவை, ஒரு நட்சத்திரம் கொடுத்துவிட்டேன்.

கில் சுவிட்சைப் போட்டு வைத்திருக்கிறீர்கள். டனல் அறுந்தால் எதையும் வெளியே விடாதே என்பதுதான் அதன் வேலை, அதைத்தான் அது செய்கிறது. அமைப்புகள் பக்கத்தை ஒருமுறை படித்துவிட்டு அந்த நட்சத்திரத்தை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: டி.என்.எஸ்-ஐ 1.1.1.1 என்று மாற்றிவிட்டேன். வி.பி.என். செலவு மிச்சம்தானே?

1.1.1.1 என்பது கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் பொது டி.என்.எஸ். கேள்வியை வேறு ஆளிடம் கேட்கிறீர்கள், அவ்வளவுதான். வெறும் எண்ணை மாற்றினால் அது இன்னும் திறந்த கடிதமாகவே போகும். மறைக்க டி.என்.எஸ். ஓவர் ஹெச்.டி.டி.பி.எஸ். வேண்டும், அது பிரவுசரிலேயே இலவசம். ஆனால் அதைப் போட்டாலும் நீங்கள் தொடர்புகொள்ளும் ஐ.பி. முகவரியும், பல சமயம் தளத்தின் பெயரும் இணைப்பு தொடங்கும்போது இணைய நிறுவனத்துக்குத் தெரியும். அது உங்களுக்குப் பரவாயில்லை என்றால் வி.பி.என். வாங்க வேண்டாம்.

கேள்வி: வங்கிச் செயலி வி.பி.என்னில் திறக்க மறுக்கிறது.

ஸ்பிளிட் டனலில் (சில செயலிகளை மட்டும் டனலுக்கு வெளியே விடும் அமைப்பு) அந்தச் செயலியை மட்டும் விலக்குங்கள். முழு வி.பி.என்னையும் நிறுத்த வேண்டியதில்லை. விலக்கியபின் கசிவு சோதனையை இன்னொரு முறை ஓட்டுங்கள், சில செயலிகளில் இந்த அமைப்பைத் தொட்டதுமே டி.என்.எஸ். பழையபடி வெளியே போகத் தொடங்கிவிடும்.