கொரிய மெய்யெழுத்துகள் கணினியில்: கேள்வி பதில்

(எழுத்தெண் என்பது யுனிகோடில் ஒவ்வோர் எழுத்துக்கும் உள்ள எண். இங்கே எல்லாம் தசம எண்கள்.)

கே: சார், கொரிய சாட் பதிவுகளைச் சுத்தம் செய்கிறேன். அசை வரம்பை மட்டும் ரெஜெக்ஸில் (உரையில் தேடும் வடிவக் குறியீடு) வைத்ததும் சிரிப்புக்குப் போடும் கியுக்குகள் (மூச்சொலியுள்ள 'க்' மெய்) எல்லாம் காணாமல் போகின்றன. ஏன்?

ப: 44032 முதல் 55203 வரை இருப்பவை முழு அசைகள் மட்டுமே, அதாவது மெய்யும் உயிரும் (சிலவற்றில் ஈற்று மெய்யும்) ஒரே கட்டமாகச் சேர்ந்தவை. தனித்து நிற்கும் மெய்கள் 12593–12622, உயிர்கள் 12623–12643. இரண்டையும் சேருங்கள், ஆனால் 12643-இல் நிறுத்துங்கள். அடுத்துள்ள 12644 கண்ணுக்குத் தெரியாத நிரப்பி எழுத்து.

கே: முதல் மெய்களை மட்டும் தட்டினால் பெயர் கிடைக்கும் தேடலை எப்படி எழுதுவது?

ப: அசையின் எண்ணிலிருந்து 44032-ஐக் கழித்து 588-ஆல் வகுங்கள். 21 உயிர்கள், 28 ஈற்று நிலைகள் (27 மெய், ஒன்று வெறுமை), பெருக்கினால் 588. 'ஹன்' என்ற அசை 54620. கழித்தால் 10588, ஈவு 18, மீதி 4. முதல் மெய்கள் 0 முதல் 18 வரை 19, 18-ஆம் எண் ஹியுத் ('ஹ்'). மீதியை 28-ஆல் வகுத்தால் உயிர் 0, ஈறு 4, அதாவது நியுன் ('ன்').

பலர் சறுக்குவது இதற்குப் பிறகுதான். ஈவோடு 12593-ஐக் கூட்டித் தனி மெய்யைப் பெறப் பார்ப்பார்கள். கியோக் (சாதாரண 'க்') 12593, இரட்டைக் கியோக் 12594 வரை சரியாக வரும். அடுத்து நியுன் வரவேண்டிய இடத்தில், 12595-இல், கியோக்–சியோத் ('க்' + 'ஸ்') கூட்டு உட்கார்ந்திருக்கிறது. நியுன் இருப்பது 12596-இல். ஈற்றில் மட்டும் வரும் 11 கூட்டுமெய்கள் அந்த வரிசையில் இடையிடையே கலந்துள்ளன. 19 எழுத்துகளுக்கும் அட்டவணை போட்டுவிடுங்கள்.

கே: இரட்டைக் கியுக் என்றால் என்ன அர்த்தம்?

ப: சிரிப்பு. நம் 'ஹாஹா' மாதிரி.

கே: மேக்கில் பெயர் வைத்த கோப்பு விண்டோஸில் எழுத்தெழுத்தாகச் சிதறித் தெரிகிறது.

ப: அது என்எஃப்டி, அதாவது எழுத்துகளைப் பிரித்து வைக்கும் யுனிகோட் வடிவம். அசை, முறையே 4352, 4449, 4520 ஆகியவற்றில் தொடங்கும் முதல் மெய், உயிர், ஈறு வரிசைகளின் எழுத்துகளாகப் பிரிந்திருக்கிறது. ஜிப் செய்வதற்கு முன் பெயரை என்எஃப்சிக்கு (சேர்த்து வைக்கும் வடிவம்) மாற்றுங்கள். ஒப்பான எழுத்துகளையும் மாற்றிவிடும் என்எஃப்கேசி வேண்டாம்! அது சாட் எழுத்தைக் கெடுக்கும். நன்றிக்குப் போடும் கியோக்–சியோத் கூட்டு, 'க' (44032) போல ஈறில்லாத அசையை ஒட்டி வந்தால், அதன் ஈறாகவே ஒட்டிக்கொண்டு 44035 என்ற வேறு அசையாகிவிடும்.

கே: கொரியனின் 11172 அசைகளுக்கும் தனி எண் உண்டு. தமிழ் உயிர்மெய்களுக்கு மட்டும் ஏன் இல்லை? டேஸ்16 (எல்லாத் தமிழ் எழுத்துகளுக்கும் தனி எண் தரும் குறியேற்றம்) கேட்டது அதைத்தானே?

ப: கேட்டது நியாயம்தான், ஆனால் காலம் கடந்துவிட்டது. கொரியனுக்கே அது சும்மா கிடைக்கவில்லை. 1987-இன் கொரியத் தரத்தில் 2350 அசைகள்தான்; யுனிகோட் 1.1-இல் 6656. 1996-இல் 2.0 வந்தபோது அவற்றை இடம்பெயர்த்து 11172 ஆக்கினார்கள், பழைய கோப்புகள் உடைந்தன. அதன்பின் எந்த எழுத்தையும் இடம் மாற்றுவதில்லை என்ற விதி வந்தது.

கே: இடம் மாற்ற வேண்டாம் அண்ணா, புதிதாகச் சேர்க்கலாமே?

ப: சேர்த்தால் 'கி' இரண்டு விதமாக எழுதப்படும். பழைய உரை மாறக்கூடாது என்பதால் என்எஃப்சி புதிய எண்ணை ஏற்காது, திரும்பவும் க + இகரக் குறியாகவே பிரிக்கும். தேடலும் வரிசைப்படுத்தலும் மென்பொருள் வேலை. அங்கே உழைப்பைப் போடுவதே தமிழுக்கு நல்லது.

கே: கியுக் கியுக் கியுக் என்றால்?

ப: மேலே பாருங்கள். மூன்றானாலும் சிரிப்புதான். இனி இதற்குப் பதில் இல்லை.

கே: எங்கள் விளையாட்டில் ஒருவர் பெயரே இல்லாமல் உலவுகிறார்.

ப: 12644 ஆக இருக்கலாம். யுனிகோடில் அது 'எழுத்து' வகை, இடைவெளி அல்ல. டிரிம் அதைத் தொடாது. ஜாவாஸ்கிரிப்ட்டில் மாறியின் பெயராகவும் செல்லும் என்பதால் நிரல் மறுஆய்விலும் தேடுங்கள். அதன் அரையகல வடிவம் 65440. இரண்டையும் பதிவுப் படிவத்திலேயே மறுத்துவிடுங்கள்.

கே: கொரிய விசைப்பலகையில் நட்சத்திரக் குறி எங்கே?

ப: விண்டோஸில் மியும் (ஆங்கில 'ஏ' விசை) அடித்து ஹன்ஜா (சீன எழுத்துக்கு மாற்றும்) விசையைத் தட்டுங்கள், பட்டியல் வரும். அந்த விசை இல்லையென்றால் வலது கன்ட்ரோல். ரியுல் அலகுகளைத் தரும், ஹியுத் கிரேக்க எழுத்துகளை.