துத்தநாக மாத்திரையை இன்றே நிறுத்துங்கள்

புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஊசி போட்டுக்கொண்டே, டாக்டரிடம் சொல்லாமல் ஐந்து மாதமாகத் தினம் 100 மில்லிகிராம் துத்தநாகம்! ஏழெட்டு சந்தேகம் கேட்டுவிட்டு, 'பாதம் மரத்த மாதிரி இருக்கிறது, வயசாகிவிட்டதல்லவா' என்று கடிதத்தின் கடைசி வரியில் போட்டிருக்கிறீர்கள். எனக்குக் கவலை தந்தது அந்த ஒரு வரிதான்.

துத்தநாகம் புராஸ்டேட் புற்றுநோய் செல்லைக் கொல்லும் என்று இணையத்தில் நீங்கள் படித்தது பொய்யில்லை, பாதிக் கதை. நல்ல புராஸ்டேட் செல் துத்தநாகத்தை நிறையச் சேர்த்து வைக்கும். அதை உள்ளே இழுக்கும் கதவு ஜிப்1 என்ற புரதம். புற்றுநோயாக மாறும்போது அதன் மரபணு அடங்கிவிடுகிறது, உள்ளே துத்தநாகமும் குறைகிறது. ஆய்வகத் தட்டில் துத்தநாகத்தைக் கொட்டினால் அந்தச் செல் சாகும், சரி. ஆனால் கதவைச் சாத்திக்கொண்ட வீட்டு வாசலில் மூட்டை மூட்டையாக இறக்கினால் உள்ளே போய்விடுமா? அமெரிக்காவில் சுமார் 47,000 ஆண்களைத் தொடர்ந்து கவனித்து 2003-ல் வெளியான ஆய்வில், தினம் 100 மில்லிகிராமுக்கு மேல் போட்டவர்களிடம் முற்றிய புராஸ்டேட் புற்றுநோய் இரண்டு மடங்குக்கும் மேல் காணப்பட்டது. மாத்திரைதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை, ஆனால் மருந்தென்று நம்பி விழுங்குகிற பொருளுக்கு இந்தச் சான்றிதழ் போதாதா?

நீங்கள் விழுங்கியது வேலையைக் காட்டுவது குடலில். அங்கே அது மெட்டலோதயோனின் என்ற புரதத்தின் மரபணுவை முடுக்கிவிடும். அந்தப் புரதம் துத்தநாகத்தைவிடச் செம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், குடல் செல் உதிரும்போது செம்பும் மலத்தோடு போய்விடும். மாதக்கணக்கில் இப்படிப் போனால் ரத்த அணுக்கள் குறையும், தண்டுவடமும் கெடும். பாதம் மரக்கும், இருட்டில் நடை தள்ளாடும், கண்ணை மூடி முகம் கழுவும்போது உடம்பு சாயும். இரண்டு நாளுக்குள் உங்கள் டாக்டரிடம் காலைக் காட்டி, ரத்தத்தில் செம்பு, செம்பைச் சுமக்கும் புரதமான செருலோபிளாஸ்மின், அணுக்களின் எண்ணிக்கை மூன்றையும் பாருங்கள்.

மரப்போடு முதுகுவலியோ, கால் பலமிழப்போ, சிறுநீர் அடைப்போ சேர்ந்தால் இந்த இரண்டு நாள் கணக்கும் வேண்டாம், உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். நோய் முதுகெலும்புக்குப் பரவித் தண்டுவடத்தை அழுத்துகிறதா என்று அங்கே பார்க்க வேண்டும், தாமதித்தால் காலின் பலம் திரும்பாமலே போகலாம்.

வாயில் உலோகச் சுவை வருவதற்குப் பல்லில் உள்ள உலோக மூடி காரணமோ என்ற சந்தேகத்தை மறந்துவிடுங்கள். அது மாத்திரையால் வருவது. இந்தக் கோளாறு மகனுக்கும் போகுமோ என்ற பயம்: ஜிப்1 கதவு மூடியது கட்டியின் செல்லில்தான், அது பிள்ளைக்குப் போகாது. அப்பாவுக்கு நோய் இருப்பதால் மகனுக்கு அது வரும் வாய்ப்பு கூடுதல் என்பது வேறு விஷயம், புராஸ்டேட்டுக்கான பிஎஸ்ஏ ரத்தச் சோதனையை எப்போது தொடங்கலாம் என்று அவர் தன் டாக்டரிடம் கேட்கட்டும்.

அப்புறம், போகும்போது மாத்திரை டப்பாவை எடுத்துப் போங்கள். கடிதத்தில் சொல்லாத வேறு டப்பாக்கள் இருந்தால் அவற்றையும்.