சுவரொட்டி

அன்புள்ள அம்மாவுக்கு,

பதினொன்றாம் வகுப்பிலிருந்து உங்கள் கட்டுரைகளைப் படித்து வருகிறேன். நீங்களும் நர்சாக இருந்தவர் என்பதால் தைரியமாக எழுதுகிறேன். நான் பி.எஸ்ஸி. நர்சிங் முதலாம் ஆண்டு. பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். இங்கே அனாட்டமி புத்தகத்தைத் திறந்தாலே தலை சுற்றுகிறது. ஒரு பக்கத்தில் நாற்பது இங்கிலீஷ் வார்த்தை. கோரகாய்டு, கொரோனாய்டு, காண்டைல், எபிகாண்டைல் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது. இரவு இரண்டு மணி வரை படிக்கிறேன், காலையில் மறந்துவிடுகிறது. முதல் இன்டர்னலில் 25க்கு 6. பிசியாலஜி அதைவிட மோசம். ஹாஸ்டலில் என் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்கிறார்கள்.

எந்த கைடு வாங்கலாம்? எலும்புகளை மனப்பாடம் செய்ய ஏதாவது வழி உண்டா? இல்லை, பேசாமல் இதை விட்டுவிட்டு பி.ஏ. தமிழ் சேர்ந்துவிடட்டுமா? எனக்குத் தமிழ்தான் வரும்.

பெயர் போட வேண்டாம்.

*

கண்ணு,

உன் கடிதம் வந்த அன்று காலையில் சுவரொட்டி வாங்கப் போயிருந்தேன். புதிதாகத் திறந்த கறிக்கடை. கண்ணாடிக் கதவு, ஏசி. கல்லாவில் இருந்த பையன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, “போஸ்டரா மேடம்?” என்றான். கையால் அளவு காட்டி, நிறம் சொல்லி, ஆட்டின் எந்தப் பக்கம் இருக்கும் என்றும் சொன்ன பிறகு, “ஓ, ஸ்ப்ளீன்!” என்றான். வீடு வந்து சேரும்வரை சிரிப்பும் எரிச்சலும் அடங்கவில்லை. சுவரொட்டி என்ற அந்த ஒரு வார்த்தையைச் சொன்னதற்காக நான் ஒரு மணி நேரம் பெஞ்சின் மேல் நின்றிருக்கிறேன். அதனால்தான் உனக்கு உடனே எழுதுகிறேன். உன் எல்லாக் கேள்விக்கும் இதில் பதில் இருக்கும் என்று எதிர்பார்க்காதே.

கைடு எதுவும் வாங்காதே. பிசியாலஜியை இன்னொரு நாள் பேசலாம். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். வார்டுக்குப் போனதும் ஒரு பாட்டிக்கு எங்கே வலிக்கிறது என்று கேட்க வேண்டி வரும்போது உன் பின்னால் வந்துதான் நிற்பார்கள்.

பி.ஏ. தமிழ் என்று எழுதியிருக்கிறாயே, அதற்குத்தான் எனக்குக் கோபம் வந்தது. தமிழ் இலக்கியம் என்ன, மழைக்கு ஒதுங்குகிற திண்ணையா? அங்கே போனால் தேமா புளிமா என்று தொடங்கி அடுக்கிக்கொண்டே போவார்கள். அதிலும் 25க்கு 6 வாங்கினால் அப்புறம் எங்கே ஓடுவாய்? ஆசைப்பட்டுச் சேர்ந்தால் நானே முதல் ஆளாக வாழ்த்துவேன். துக்கத்தில் சேராதே. “எனக்குத் தமிழ்தான் வரும்” என்கிறாய். சரி, அந்தத் தமிழை ஏன் அனாட்டமி வகுப்பு வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டுப் போகிறாய்?

என் அப்பா ஈரோட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊரில் கறிக்கடை வைத்திருந்தார். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவர். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு நான் தான் ஒத்தாசை. ஈரல், குண்டிக்காய், குடல், நல்லி, சுவரொட்டி எல்லாம் எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கும் முன்பே தெரியும். 1984இல் நர்சிங் பள்ளியில் சேர்ந்தேன். முதல் மாதம் டியூட்டர் சுவரில் தொங்கிய படத்தில் குச்சியை வைத்து, இடது விலாவுக்கு உள்ளே இருக்கும் இது என்ன என்று கேட்டார். நான்தான் முதலில் எழுந்தேன். “சுவரொட்டிங்க மிஸ்.” வகுப்பே சிரித்தது. “இது என்ன கசாப்புக் கடையா?” என்று கேட்டுவிட்டு பெஞ்சில் ஏற்றிவிட்டார்.

அவர் நினைத்திருந்தால் அந்த ஒரு சொல்லை வைத்தே பாதிப் பாடத்தை நடத்தியிருக்கலாம். ரத்தசோகைக்கு ஊரில் சுவரொட்டி வறுத்துக் கொடுப்பார்கள். ஏன்? சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழும். கிழடான அணுக்களை உடைக்கிற முக்கியமான இடங்களில் சுவரொட்டி ஒன்று. அதிலிருந்து இறங்குகிற இரும்பு அங்கே இருக்கிறது. எங்கள் பாட்டிகளுக்குக் காரணம் தெரியாது, பலன் தெரிந்திருந்தது. இதைச் சொல்லிவிட்டு, “இதற்கு மண்ணீரல் என்று பெயர், இங்கிலீஷில் ஸ்ப்ளீன்” என்று முடித்திருந்தால் அறுபது பேரும் சாகும்வரை மறந்திருக்க மாட்டோம்.

அடுத்த வாரம் ஒரு எனாமல் தட்டில் ஆட்டின் இதயம் வந்தது. மிஸ் அதைக் கையில் எடுத்துக் காட்டி, இது வலது கீழறை, இது இடது கீழறை என்றார். மாற்றிச் சொல்கிறார் என்று தூரத்திலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது. உடம்பு முழுக்க ரத்தத்தைத் தள்ளுகிற இடது பக்கம் கட்டியாக, அழுத்தினால் அமுங்காமல் இருக்கும். பக்கத்து நுரையீரலுக்கு மட்டும் அனுப்புகிற வலது பக்கம் தொளதொளவென்று இருக்கும். மிஸ் விரல் வைத்து வலது என்று சொன்ன பக்கம் கல்லு மாதிரி நின்றது. நான் வாயைத் திறக்கவில்லை. பெஞ்சு ஞாபகம். அறுபது பேர் தப்பாகப் படம் வரைந்துகொண்டார்கள், நானும் வரைந்தேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

லீவுக்கு ஊருக்குப் போனபோது அப்பாவிடம் சொன்னேன். அவர் திட்டவும் இல்லை, ஆறுதலும் சொல்லவில்லை. கீறு போடாத இதயம் ஒன்றை எடுத்துக் கழுவினார். மேலே குழாய் மாதிரி தடித்து, விட்டாலும் மூடாமல் வாய் திறந்தே நிற்கும் பாரு, பெருந்தமனி, அதற்குள் சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினார். விளிம்பு வரை நிரம்பி நின்றது. உள்ளே எட்டிப் பார்த்தேன். சட்டைப் பை மாதிரி மூன்று மெல்லிய மடிப்புகள் தண்ணீரில் உப்பி, ஒன்றோடொன்று ஒட்டி, வழியை அடைத்திருந்தன. “ஊத்துன தண்ணி நிக்குது பாரு கண்ணு. மேல போனது திரும்பக் கீழ எறங்காது. ஆண்டவன் வச்ச கதவு” என்றார். அரைச்சந்திர வால்வு என்ற பெயரை அவர் கடைசிவரை கேள்விப்படவில்லை.

இப்போது உன் நாற்பது இங்கிலீஷ் வார்த்தைக்கு வருகிறேன். அவற்றில் பெரும்பாலானவை இங்கிலீஷே இல்லை, அம்மா! லத்தீன், கிரேக்கம். லண்டனில் இருந்து உன்னைப் போல ஒரு பெண் நர்சிங் சேர்ந்தால் அவளும் முதல் வாரம் இப்படித்தான் முழிப்பாள். கோரகாய்டும் கொரோனாய்டும் குழம்புகிறது என்கிறாய். குழம்பாமல் என்ன செய்யும்? இரண்டும் காக்காய்தான். கோராக்ஸ் என்றால் கிரேக்கத்தில் அண்டங்காக்கை, கொரோனே என்றால் காக்கை. எலும்பிலிருந்து அலகு மாதிரி வளைந்து நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து எவனோ வைத்த பெயர். கழுத்தடியிலிருந்து தோள்வரை போகிற காறை எலும்பின் வெளிமுனைக்குக் கீழே இருக்கிற குழியில் விரலை வைத்து அழுத்து. கட்டியாக ஒன்று தட்டுப்படுகிறதா? அது அண்டங்காக்கை. முழங்கை மடிப்புக்குள் மேற்கை எலும்பைக் கவ்வுகிறதே, அது சின்னக் காக்கை. காண்டைல் என்றால் விரல் முட்டி. எபி என்றால் மேலே. முட்டிக்கு மேல் இருப்பது எபிகாண்டைல். போதுமா?

இடுப்பு மூட்டின் அசிடாபுலம் ரோமானியர் சாப்பாட்டு மேசையில் காடி வைக்கிற கிண்ணம். நீ பள்ளிக்கூடத்தில் பந்துக்கிண்ண மூட்டு என்று படித்தாயே, அதே கிண்ணம். பட்டெல்லா சின்னத் தட்டு. நாம் முழங்கால் சில்லு என்கிறோம், பாண்டி ஆடுகிற சில்லு. மசில் என்ற சொல்லுக்கு லத்தீனில் சுண்டெலி என்று பொருள். புஜத்தை மடக்கினால் தோலுக்கடியில் ஓடுவது அவர்களுக்கு எலியாகத் தெரிந்திருக்கிறது, ஆற்றங்கரையில் இருந்த நமக்குக் கெண்டை மீனாகத் தெரிந்து கெண்டைக்கால் ஆயிற்று. எனக்கு மிகவும் பிடித்தது கண். ப்யூபில் என்பது லத்தீனில் சின்னப் பொம்மை, சின்னப் பெண். எதிரே நிற்பவரின் உருவம் அதில் பொம்மையாகத் தெரிவதால். நாம் என்ன சொல்கிறோம்? பாவை. ‘கருமணியிற் பாவாய்நீ போதாயாம்’ என்று குறளில் ஒருவன் தன் கண்ணுக்குள் இருக்கும் பாவையை வெளியே போகச் சொல்கிறான், காதலி உட்கார இடம் வேண்டுமாம். ரோமிலும் இங்கேயும் இரண்டு பேர் ஒருவரையொருவர் அறியாமல் கண்ணுக்குள் ஒரே பொம்மையைப் பார்த்திருக்கிறார்கள். இவ்வளவையும் கையில் வைத்துக்கொண்டு நீ மனப்பாடத்துக்கு வழி கேட்கிறாய்.

தமிழில் இதெல்லாம் நடக்காது என்று யாராவது சொன்னால் யாழ்ப்பாணத்து மானிப்பாயைச் சொல். 1847இல் மாசசூசெட்ஸிலிருந்து யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் அங்கே மேலை மருத்துவம் சொல்லிக்கொடுத்தார். முதலில் ஆங்கிலத்தில், பிறகு தமிழில். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசாங்க வேலைக்குப் போய்விடுகிறார்கள், ஊரோடு இருந்து வைத்தியம் பார்க்க ஆள் வேண்டும் என்பது அவர் கணக்கு. 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்று உடற்கூற்றுக்குத் தடித்த புத்தகமே தமிழில் வந்துவிட்டது. நூற்றைம்பது வருஷம் கழித்து நீ ராத்திரி இரண்டு மணிக்கு அழுதுகொண்டிருக்கிறாய். இதில் உன் தப்பு பாதிதான்.

ஆனால் கடைத்தமிழே போதும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. கறிக்கடைக்காரர் மகளுக்கும் ஒரு எலும்பு புத்தகத்தில்தான் முதன்முதலாகத் தெரிந்தது. காறை எலும்பு. ஆட்டுக்கு அது கிடையாது! முன்னங்கால் சப்பையை உடம்போடு பிடித்திருப்பது வெறும் தசைதான். அதனால்தான் அப்பா முன்னங்காலைக் கத்தியை இழுத்தே கழற்றிவிடுவார், பின்னங்காலுக்கு மட்டும் மூட்டைத் தேடிப் பிடிப்பார். அத்தனை வருஷம் பக்கத்தில் நின்று பார்த்தும் எனக்கு அது உறைக்கவில்லை. காறை என்பது கழுத்தில் அணியும் நகை. பெரியாழ்வார் பாட்டில் ஒரு பெண் ‘காறை பூணும் கண்ணாடி காணும்’. நகை உட்காரும் இடம் எலும்புக்குப் பெயராகிவிட்டது. விலங்கை அறுத்தே மனிதனைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தவர்தான் பழைய ரோமாபுரி வைத்தியர் காலன் (Galen). ஆடு மாடுகளின் மூளைக்கு அடியில் இருக்கிற ரத்தக்குழாய் வலை மனிதனுக்கும் உண்டு என்று எழுதிவைத்துவிட்டார். 1543இல் வெசாலியஸ் என்ற உடற்கூற்று அறிஞர் அது மனிதனில் இல்லை என்று சொல்லும்வரை ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு மேல் அதுதான் பாடம். எங்கள் மிஸ்ஸைவிடப் பெரிய ஆள்களும் மாற்றிச் சொல்லியிருக்கிறார்கள்.

அப்புறம் இந்த நரம்பு. நம் ஊரில் ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகிற சிரை என்ற குழாய்க்கும் நரம்பு, தசையை எலும்போடு கட்டுகிற தசைநாணுக்கும் நரம்பு, நிஜ நரம்புக்கும் நரம்பு. நரம்பில் ஊசி போடுவார்கள், நரம்பு சுளுக்கும், நரம்புத் தளர்ச்சியும் வரும். ஒருநாள் நைட் டியூட்டி. இடுப்பெலும்பு உடைந்து ஆபரேஷன் ஆகி மூன்று நாளான ஒரு பெரியவர், “கெண்டைக்கால்ல நரம்பு இழுக்குதுங்கம்மா” என்றார். டவுனிலிருந்து வந்த பயிற்சிப் பெண் கேஸ் ஷீட்டில் நரம்பு வலி என்று எழுதி வைத்திருந்தாள். நான் போர்வையை விலக்கி இரண்டு காலையும் சேர்த்துப் பார்த்தேன். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, தொட்டால் சுட்டது. டாக்டரை எழுப்பினோம். சிரையில் ரத்தம் உறைந்திருந்தது. கழன்று நுரையீரலுக்குப் போயிருந்தால் விடிவதற்குள் ஆள் போயிருப்பார். பெரியவர் சொன்ன கெண்டைக்கால் சரியாக இடத்தைக் காட்டியது. அவர் சொன்ன நரம்பைப் பிரித்துப் பார்க்கப் புத்தகம் வேண்டியிருந்தது. அந்தப் பெண் புத்தகம் படித்தவள்தான், நரம்பு என்ற ஒரு தமிழ்ச் சொல்லுக்குள் எத்தனை இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரியும். நீ போய் மூளை இல்லை என்று அழுகிற முகத்தோடு உட்கார்ந்திருக்கிறாய்.

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது கறிக்கடையில் ஆட்டு இதயம் ஒன்று வாங்கு. நீ சைவமா என்று கடிதத்தில் இல்லை. சைவமாக இருந்தால் தோழி வீட்டில் வைத்துப் பார். ரத்தம் போக ஒரு கீறு போட்டுத்தான் கொடுப்பார்கள், அதனால் முழுசாக வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடு. உன் நெஞ்சுக்கு முன்னால், உன்னுடையதைப் போலவே வைத்துப் பிடி. அப்போது அதன் இடது உன் இடதாகவே இருக்கும், எங்கள் மிஸ் மாதிரி மாறாது. இரண்டு பக்கமும் அழுத்திப் பார். தடித்த குழாயைக் கண்டுபிடித்து, உள்ளே உறைந்திருப்பதைக் கழுவிவிட்டு, தண்ணீர் ஊற்று. அதன் சுவரில் இருக்கிற சின்னத் துளைகள் வழியாகக் கொஞ்சம் கசியும், இதயத்துக்கே ரத்தம் போகிற வழி அது, பயப்படாதே. மூன்று பையும் உப்பினவுடன் எனக்கு எழுது.

பார்த்து முடித்ததும் வீணாக்காதே. மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்தால் நன்றாக இருக்கும்.