பரணில் கிடந்த பழைய ஜி.ஐ. ஜோ பொம்மைகளின் இடுப்பு கழன்று விழுகிறது. சரிசெய்ய முடியுமா? சேர்த்து வைக்கத் தகுமா?

கேள்வியில் சொல்லியிருப்பது இது: 90களில் வாங்கிய ஃபன்ஸ்கூல் ஜி.ஐ. ஜோ பொம்மைகள் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன. தூக்கினால் சிலவற்றின் கால்கள் தனியே விழுகின்றன. வெள்ளை நிறத்தில் இருந்தவை பழுப்பாகிவிட்டன. துப்பாக்கிகளில் பாதி இல்லை. இதைச் சீர்செய்து சேகரிப்பாக வளர்க்கலாமா?

தாராளமாக வளர்க்கலாம். ஆனால் இந்தப் பதிலைப் படித்து முடிக்கும்வரை அந்த டப்பாவில் உள்ள எதன் காலையும் மடக்கிப் பார்க்காதீர்கள், கையில் துப்பாக்கியைத் திணிக்காதீர்கள். கால் கழன்று விழுவது பழுதே இல்லை. உள்ளே இருந்த ரப்பர் வளையம் அறுந்திருக்கிறது, அவ்வளவுதான். அதைப் பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். கட்டைவிரலோ, கவட்டையோ, முழங்கையோ உடைந்தால் அந்தத் துண்டு போனது போனதுதான், வேறு பொம்மையிலிருந்து எடுத்தால்தான் உண்டு. பெரும்பாலான பொம்மைகள் பரணில் கெடுவதில்லை; பரணிலிருந்து இறக்கிய அன்று "இன்னும் வேலை செய்கிறதா" என்று மடக்கிப் பார்க்கும்போதுதான் உடைகின்றன.

கையில் இருப்பது எது என்று முதலில் பார்த்துவிடலாம். அமெரிக்கப் பொம்மை நிறுவனமான ஹாஸ்ப்ரோ 1964இல் கொண்டுவந்த ஜி.ஐ. ஜோ 12 அங்குலப் பொம்மை. நாம் பார்த்து வளர்ந்த 3¾ அங்குல அளவு 1982இல்தான் வந்தது. முதல் ஆண்டுப் பொம்மைகளின் கை தோளிலும் முழங்கையிலும் மட்டுமே அசையும். 1983 முதல் முழங்கைக்கு மேலே சுழலும் மூட்டும் சேர்ந்தது. தலை 1984 வரை இடம் வலமாக மட்டுமே திரும்பும். 1985இல் பந்து மூட்டு வந்து மேலும் கீழும் பார்க்கத் தொடங்கியது. ரப்பர் வளையம் வைத்த இந்த அமைப்பை ஹாஸ்ப்ரோ அமெரிக்காவில் 1994 வரை தொடர்ந்தது. நம் ஊரில் விற்றது, எம்.ஆர்.எஃப். குழுமமும் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து 1987இல் தொடங்கிய ஃபன்ஸ்கூல். தலைமையகம் சென்னை, ஆலை கோவாவில். ஹாஸ்ப்ரோவின் அச்சுகளைக் கொண்டுவந்து இங்கே வார்த்தார்கள். பிளாஸ்டிக்கின் நிறமும் பெயிண்ட்டும் பல பொம்மைகளில் அமெரிக்கப் பதிப்பிலிருந்து மாறிப்போயின. இந்த நிற வேறுபாட்டுக்காகவே வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் ஃபன்ஸ்கூல் பொம்மைகளைத் தேடி வாங்குகிறார்கள். ஆகவே "லோக்கல் சரக்குதானே" என்று ஒதுக்க வேண்டாம்.

முதுகிலோ இடுப்பின் பின்புறமோ பொடி எழுத்தில் ஓர் ஆண்டு இருக்கும். அது அச்சின் உரிமை ஆண்டு, பொம்மை வார்த்த ஆண்டு அல்ல. 1986 என்று பொறித்த பொம்மை 1996இல் கடைக்கு வந்திருக்கலாம். இதைப் பார்த்து "1986 மாடல், அரிது" என்று விலை சொல்பவர்கள் நிறையப் பேர்.

இனி ரப்பர் வளையம். பொம்மையின் உடம்பு முன்பாதி, பின்பாதி என இரண்டு துண்டு. முதுகு நடுவில் ஒரே ஒரு ஸ்க்ரூ. கால்கள் இரண்டுக்கும் நடுவே ஆங்கில 'T' எழுத்து வடிவில் ஓர் உலோகக் கொக்கி; அதில் மாட்டிய வளையம் இடுப்புத் துண்டின் துளை வழியாக மேலேறி, மார்புக்குள் ஸ்க்ரூ இறங்கும் தூணைச் சுற்றி நிற்கிறது. இந்த இழுவிசை ஒன்றுதான் காலையும் இடுப்பையும் மார்போடு பிடித்து வைத்திருக்கிறது. இருபது முப்பது ஆண்டில் ரப்பர் காற்றுப் பட்டு இறுகி, வெடிப்பு விட்டு, ஒருநாள் அறுந்துவிடும். பிரிக்காத அட்டைப் பெட்டிக்குள்ளேயே அறுந்து, கால் தனியாகக் கிடக்கும் பொம்மைகளும் உண்டு.

புது வளையம் பிளம்பிங் சாமான் கடையிலோ பேரிங் கடையிலோ 'ஓ-ரிங்' என்று கேட்டால் கிடைக்கும். உள்விட்டம் ஒன்பதரை முதல் பத்து மில்லிமீட்டர், தடிமன் 2 முதல் 2.4 மில்லிமீட்டர். கறுப்பு நைட்ரைல் ரப்பர் போதும். சிலிக்கான் வளையம் நெடுநாள் இறுகாது. ஆனால் கொக்கியின் முனையில் சிறு கீறல் விழுந்தாலும் அங்கிருந்தே கிழியும். "கெட்டியா இருக்கட்டும்" என்று தடித்ததாக வாங்குவதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. தடித்த வளையம் காலை இடைவிடாமல் மேலே இழுக்கும், அந்த விசை முழுவதும் கால்களுக்கு நடுவே உள்ள மெல்லிய கவட்டைப் பட்டையில் விழும். பொம்மை அலமாரியில் நன்றாகத்தான் நிற்கும்; நான்கு மாதம் கழித்துக் காலை அசைத்ததும் கவட்டை 'டக்'கென்று போகும். முதலில் ஐந்தாறு வளையம் மட்டும் வாங்கி, ஒன்றை மாட்டி, கால் மெதுவான எதிர்ப்போடு அசைகிறதா என்று பார்த்தபின் மீதியை வாங்குங்கள்.

ஸ்க்ரூவுக்கு வாட்ச் ரிப்பேர் செட்டில் வரும் சிறிய ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், முனை அளவு பூஜ்யம். தலைக்குள் ஆடாமல் உட்கார வேண்டும். திருப்புவதைவிட அழுத்துவதில் அதிக பலம் கொடுங்கள். இல்லாவிட்டால் மெத்தென்ற அந்த ஸ்க்ரூவின் தலை வழுவழுவென்று தேய்ந்துவிடும். துருவேறி வராவிட்டால் துரு நீக்கும் ஸ்ப்ரே அடிக்காதீர்கள்; அந்த எண்ணெய்கள் சில பிளாஸ்டிக்குகளில் மயிரிழை வெடிப்பு உண்டாக்கும். சால்டரிங் அயர்ன் முனையை ஸ்க்ரூ தலையில் மட்டும் இரண்டு மூன்று விநாடி வைத்து எடுங்கள். சூட்டில் சுற்றியுள்ள பிளாஸ்டிக் சற்று இளகிப் பிடியை விடும். அதற்குமேல் வைத்தால் முதுகு உருகும்.

திறந்தவுடன் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். பல பொம்மைகளைச் சேர்த்துப் பிரித்துப் போட்டு, வலக்கை எது இடக்கை எது, யாருடைய இடுப்பு எது என்று தெரியாமல் விழிப்பது வழக்கமான கூத்து. ஒரு நேரத்தில் ஒரு பொம்மை, ஒரு தட்டு.

முன்பாதியை உட்புறம் மேலே தெரியும்படி மேசையில் வைத்து, தலையையும் இரு கைகளையும் அதன் குழிகளில் உட்கார வையுங்கள். வளையத்தைக் கொக்கியில் மாட்டி, கொக்கியின் குறுக்குக் கம்பியைத் தொடைகளின் உட்புறப் பள்ளத்தில் பொருத்துங்கள். பூக்கட்டும் நூலை வளையத்துக்குள் விட்டு, இடுப்புத் துளை வழியாக நூலோடு மேலே இழுத்துத் தூணில் மாட்டி, நூலை உருவிவிடலாம். இடுக்கி வேண்டாம், ரப்பரைக் கடித்துவிடும். பின்பாதியை மூடி, தோள்பட்டைக் கோட்டில் இடைவெளி இல்லாமல் பொருந்தியிருக்கிறதா என்று பார்த்த பிறகே ஸ்க்ரூ. அதை வைத்தவுடன் முறுக்காதீர்கள். முதலில் எதிர்த்திசையில் மெதுவாகத் திருப்புங்கள். ஓரிடத்தில் 'க்ளிக்' என்று லேசாக இறங்குவது விரலுக்குத் தெரியும். பழைய புரி அங்கேதான் தொடங்குகிறது. அங்கிருந்து வலப்பக்கம் திருப்பினால் அதே வழியில் போகும். இப்படிச் செய்யாவிட்டால் ஒவ்வொரு முறையும் புதுப் புரி வெட்டி, மூன்று நான்கு தடவையில் தூண் ஓட்டையாகி ஸ்க்ரூ நிற்காது. கடைசியில் இறுக்கிப் பிழியவும் கூடாது; கை கொஞ்சம் விறைப்பாக அசையும் நிலையில் நிறுத்துங்கள்.

உடைந்த கட்டைவிரலை ஒட்ட வழியில்லை. விரல் அவ்வளவு மெல்லியது. பசை பிடித்தாலும் துப்பாக்கி வைத்தவுடன் விட்டுவிடும். முழங்கையில் ரிவெட் அடித்திருப்பதால் கீழ்க்கையை மட்டும் மாற்றவும் முடியாது, முழுக் கையையும் வேறு பொம்மையிலிருந்து எடுக்க வேண்டும். கவட்டை உடைந்தால் இடுப்புத் துண்டு தனித்துண்டு என்பதால் மாற்றுவது சுலபம். இதற்காகவே ஒடிந்த பொம்மைகளை மொத்தமாக எடைக்கணக்கில் வாங்கி வைப்பார்கள். ஃபன்ஸ்கூல் உடம்பில் ஹாஸ்ப்ரோ கையைப் பூட்டினால் நிறம் காட்டிக்கொடுத்துவிடும் என்பதை மட்டும் கவனியுங்கள். இப்படிச் சேர்த்த பொம்மையை விற்கும்போது அதைச் சொல்லிவிடுவதுதான் முறை. ஃபெவிகுயிக் மாதிரிப் பசையை உடல்மேல் எங்குமே விடாதீர்கள். சுற்றிலும் வெள்ளைப் படலம் பூக்கும், அது போகாது.

துப்பாக்கி, வாளைக் கையில் மாட்டும் முன் பொம்மையின் முன்கையைக் கை பொறுக்கும் வெந்நீரில் ஒரு நிமிடம் வைத்தால் விரல்கள் இளகிக் கொடுக்கும். பிடியை முன்னிருந்து அழுத்தாமல் பக்கவாட்டில் நழுவ விடுங்கள். காட்சிக்கு மட்டும்தான் என்றால் ஆயுதத்தைப் பக்கத்தில் படுக்க வைப்பதே நல்லது. ஆண்டுக்கணக்கில் விரிந்து நிற்கும் விரல் கடைசியில் வெடிக்கத்தான் செய்யும்.

கழுவுவதானால் பிரித்துத்தான் கழுவ வேண்டும். மூடியபடி நனைத்தால் மார்புக்குள் தண்ணீர் நின்று ஸ்க்ரூவும் கொக்கியும் துருப்பிடிக்கும். வெதுவெதுப்பான நீர், இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம், குழந்தைகளின் மெல்லிய பல் துலக்கி. இதற்குமேல் எதுவும் தேவையில்லை. நகப்பூச்சு நீக்கியில் உள்ள அசிட்டோன் பிளாஸ்டிக்கையே கரைக்கும். ஸ்பிரிட் பெயிண்ட்டை எடுத்துவிடும். டப்பாவில் பொம்மை வாகனங்களும் இருந்தால் அவற்றின் ஸ்டிக்கர்மேல் தண்ணீர் படவே கூடாது.

மஞ்சளாவது வேறு கதை. கெட்டி பிளாஸ்டிக்கில் புற ஊதாக்கதிரும் காற்றும் சேர்ந்து உண்டாக்கும் மாற்றம் அது, அழுக்கல்ல. 1984இன் ஸ்டார்ம் ஷேடோ, 1983இன் ஸ்னோ ஜாப் மாதிரி வெள்ளைப் பொம்மைகளில் பளிச்சென்று தெரியும். மருந்துக் கடையில் '20 வால்யூம்' என்று விற்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஏறத்தாழ 6 சதவீதம். கண்ணாடிக் கிண்ணத்தில் துண்டுகள் முழுக மூழ்கும்படி ஊற்றி வெயிலில் நான்கு முதல் எட்டு மணி நேரம் வைத்தால் வெளுக்கும். கையுறை போடுங்கள். பாதி மூழ்கி இருந்தால் கோடு விழும். பெயிண்ட்டும் சேர்ந்து வெளுக்கும், முழங்கை ரிவெட் துருவேறும். சில ஆண்டில் மஞ்சள் திரும்பவும் வரும். இத்தனை பாடுபட்டாலும் இறுகிப்போன பிளாஸ்டிக்குக்குப் பலம் திரும்பாது. என்னைக் கேட்டால், லேசான மஞ்சளை அப்படியே விடுவதுதான் சரி. "வெளுத்தது" என்று தெரிந்தால் வாங்குபவரும் விலையைக் குறைப்பார்.

வைக்கும் இடம் பரணாக இருக்க வேண்டாம். தகரக் கூரைக்கோ மொட்டைமாடித் தளத்துக்கோ அடியில் உள்ள பரணில் ஏப்ரல், மே சூடு ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் ஒருசேர வதைக்கும். வெயில் படாத உள்ளறை பீரோவின் நடுத்தட்டு போதும். ஆனால் துணியோடு வைக்கும் பாச்சா உருண்டையைப் பக்கத்தில் போடாதீர்கள். நாப்தலீன் ஆவி பாலிஸ்டைரீன் வகைப் பிளாஸ்டிக்குகளை இளக்கிப் பிசுபிசுக்க வைக்கும். அட்டைப் பெட்டியிலும் அந்த வாசம் ஏறும். மெத்தென்ற பளபளப்பான பி.வி.சி. உறையும் ஆகாது. அதை இளக்கமாக வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருள் கசிந்து பொம்மையோடு ஒட்டிக்கொள்ளும். மளிகைக் கடையில் பருப்பு கட்டித்தரும் மொடமொடப்பான பாலிப்ரொப்பிலீன் கவர் நல்லது. துப்பாக்கிகளை ரப்பர் பேண்டால் கட்டி வைக்காதீர்கள். அது உருகிப் பிளாஸ்டிக்கில் ஒட்டும். செய்தித்தாளில் சுற்றினால் வெள்ளையில் மை ஏறும்.

மதிப்பு பெரும்பாலும் துணைப்பொருள்களில்தான் இருக்கிறது. உடம்பு மட்டும் தனியாகப் போனால் சொற்பம். அதே பொம்மை தன் துப்பாக்கி, முதுகுப்பை, தலைக்கவசத்தோடு இருந்தால் விலை பலமடங்கு. எனவே டப்பாவின் அடியில் கிடக்கும் ஒரு செ.மீ. துண்டையும் தூக்கிப் போடாதீர்கள். பொம்மை பொதிந்து வந்த அட்டையின் பின்புறத்தில் வெட்டியெடுக்கும்படி அந்தக் கதாபாத்திரத்தின் விவரக் குறிப்பு இருக்கும். ஹாஸ்ப்ரோவுக்காக அவற்றில் பெரும்பாலானவற்றை எழுதியவர் லாரி ஹாமா. வெட்டியதென்றாலும் எடுத்து வையுங்கள். ரூபாய் விலை அச்சிட்ட ஃபன்ஸ்கூல் அட்டைக்கென்றே தனிக்கூட்டம் உண்டு.

இல்லாத துப்பாக்கிகளை இணையத்தில் வாங்கும்போது போலிகள் மலிந்திருக்கும். அசலை வைத்து அச்செடுத்து மறுபடி வார்த்தது, சுருக்கத்தால் அசலைவிடச் சற்றே சிறியதாக இருக்கும், ஓரங்களின் கூர்மை மழுங்கியிருக்கும். முப்பரிமாணப் பிரிண்டரில் எடுத்ததைச் சாய்வெளிச்சத்தில் பிடித்தால் மெல்லிய அடுக்குக்கோடுகள் தெரியும். விற்பவரிடம் அசல் ஒன்றோடு பக்கத்தில் வைத்து, அளவுகோலும் சேர்ந்து தெரியும்படி போட்டோ கேளுங்கள். இரண்டு கட்டைவிரல்களும் கவட்டையும் தெரிய இன்னொரு போட்டோ. தர மறுத்தால் வாங்க வேண்டாம்.